ஸ்பிரிங் கட்டிலும் தேர்த் தண்டும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். புதுச்சேரியில் பிறந்து, பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் பஸ் ஓட்டிப் பிழைக்கிற நான், இந்த முறை விடுமுறைக்கு ஊர் வந்தபோது பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை. மெத்தை போட்ட நீளமான கட்டில்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. விமானத்தில் வந்த அலுப்பு, முதுகில் வலி. நல்ல மனுசர்கள், படுத்துக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டு ஒன்றில் ஏறிப் படுத்தேன். தோளுக்கு வைத்திருந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் குதிகால்களைச் செருகி, கால் வைக்க வேண்டிய பக்கம் தலையை வைத்து, கண்ணையும் மூடிவிட்டேன். கொஞ்சம் புரண்டேன். கட்டில் என்னோடு கிளம்பிவிட்டது. ஓடிப்போய் 'டமார்' என்று முட்டி நின்றது. பதறி எழுந்து அதன்மேலேயே நின்றேன். அது திரும்பவும் கிளம்பியது. சக்கரம் வைத்த பலகைமேல் நிற்கக் கூடாது என்ற ஞானம் எனக்குப் பிறந்தது அப்போதுதான்.

"அண்ணா, எறங்கிடுங்க. மெதுவா. ஒரு காலு... அப்பறமா இன்னொரு காலு" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. நம்ம ஊர்ப் பொம்பளை யாரோ என்று திரும்பினால், வெள்ளைக்கார அம்மா ஒருவர் கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். அவர்தான் எலேன், அந்த இடத்தின் சொந்தக்காரர், பயிற்சியாளர். விழுந்த என் மானத்தை நிமிர்த்துவதற்காக என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பிரெஞ்சை எடுத்து உதறி விரித்தேன். "பொன்ழூர் மதாம்" என்று ஆரம்பித்து, பாரிசிலிருந்து வருவது, பஸ் ஓட்டுவது, முதுகு பிடித்துக்கொண்டது வரைக்கும் ஒரே மூச்சில் முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசுங்கண்ணா. யாராச்சும் பிரெஞ்சுல பேசினா எங்கம்மா ஃபோன் பண்ணித் திட்டற மாதிரியே இருக்குது" என்றார். அதோடு விடவில்லை. "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். நெல்லித்தோப்பில் பிறந்தவனைப் பார்த்து! "இந்த ஊருதாங்க" என்றேன். "அப்படியா? பேச்சு வேற மாதிரி இருக்குதே" என்று சந்தேகத்தோடு பார்த்தார். நான் பாரிசுக்குப் போன காலத்தில்தான் அவர் இங்கே வந்து சேர்ந்தாராம். வானத்தில் எங்கேயோ எங்கள் இரண்டு விமானமும் ஒன்றையொன்று கடந்து போயிருக்க வேண்டும். கடக்கும்போது ஊரையும் மாற்றிக்கொண்டுவிட்டோம் போலிருக்கிறது.

என்னைப் போல வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாம் ஊருக்குப் போவதற்கு ஊரில் சொல்லும் காரணம் ஒன்று, உள்ளே வைத்திருக்கும் காரணம் ஒன்று. என் உள்காரணம் ஒரு மரத்தண்டு. எங்கள் கோயில் திருவிழாவில் மாதா சுரூபம் வைத்த சின்னத் தேரை இழுப்பதில்லை, தோளில் தூக்குவோம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளத் தண்டு. தண்டில் ஒவ்வொரு இடமும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், அப்பனுக்குப் பிறகு மகன். இடது தண்டில் நடு இடம் எங்கள் அப்பாவுடையது. மில்லில் வேலை பார்த்த மனுசர், வருஷம் பூராவும் எதற்கும் தலை நிமிராதவர், அந்த ஒரு சாயங்காலம் மட்டும் தெருவே வழிவிட நடுவில் நடப்பார். அவருக்குப் பிறகு நான் கொஞ்ச காலம் தூக்கினேன். பிறகு பாரிஸ். என் தங்கை ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் அமல்ராஜ், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை, எனக்குப் பதிலாக நின்று அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். இந்த வருஷம் ஸ்டெல்லா ஃபோன் பண்ணினாள். "அண்ணா, சவரிமுத்து அண்ணன் முடிவா சொல்லிட்டாரு. இந்த வருசமும் நீ வரலன்னா நம்ம இடத்த வேற குடும்பத்துக்குக் குடுத்துடுவாராம். பதிலாளு வெச்சி மாதாவ ஏமாத்தக் கூடாதாம்." சவரிமுத்து தேர் தூக்குகிறவர்களுக்குத் தலைவர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பழுத்த தோள். வாயைத் திறந்தால் அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார்.

லீவு கிடைத்துவிட்டது. முதுகுதான் கிடைக்கவில்லை. நாள் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு பஸ் சீட்டின் வடிவத்துக்கே வந்துவிட்டிருந்தது. கிளம்புவதற்கு முன்பு அங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். நான் இந்தியன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் யோகா செய்வீர்கள் அல்லவா?" என்றார். நெல்லித்தோப்பில் நான் செய்த ஒரே ஆசனம் பெஞ்சின்மேல் ஏறி நின்றது, அதுவும் வாத்தியார் சொல்லி. ஆனாலும் ஒரு தேசத்தின் மானம் என் கையில் இருப்பதாகத் தோன்றியதால் "வுய், பியான் சுய்ர்", ஆமாம், அதிலென்ன சந்தேகம் என்று தலையாட்டிவிட்டேன். "ஒன்று செய்து காட்டுங்களேன்" என்றார் ஆசையாக. குனிந்து கால் விரலைத் தொட்டேன். தொட்டது தொட்டதுதான், நிமிர முடியவில்லை. டாக்டரும் அவருடைய செக்ரடரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மடித்த நாற்காலியை விரிப்பது போல என்னை விரித்து உட்கார வைத்தார்கள். போய் பிலாட்டிஸ் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒல்லி ஒல்லியான பெண்கள் காலை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியே திரும்பி ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மிச்சத்தை சென்னை விமான நிலையம் பார்த்துக்கொண்டது. சீஸ், சாக்லேட், சென்ட் என்று ஊருக்கே அடைத்துக்கொண்டு வந்த பெட்டியைத் தூக்கினேன். இடுப்பில் 'கடக்' என்றது. ஸ்டெல்லா வீட்டு வாசலில் நான் இறங்கியது கேள்விக்குறி வடிவத்தில்.

அமல்ராஜ் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். "மச்சான், இந்த லட்சணத்துல நீங்க தேர தூக்கப் போறீங்களா, இல்ல தேர்ல படுத்துக்கினு வரப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். "வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு மதாம் மெஷின் வெச்சி முதுக சரி பண்றாங்களாம், வாங்க." பிலாட்டிஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏசுவ சிலுவைக்கு அனுப்பிட்டு கை கழுவின ஆளு பேரு மாதிரி இருக்குது. வேற எடமே கெடைக்கலியா?" ஆக, பாரிசில் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தவன், கடல் கடந்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவிடம் மாட்டினேன்.

அந்த அறையைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் மில்தான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ஆயுத பூஜைக்கு உள்ளே விடுவார்கள். வேதக்காரர்கள் என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவப் பிள்ளைகளான நாங்களும் பொரி வாங்கப் போய்விடுவோம். மரச்சட்டம், கயிறு, கம்பி, இழுத்தால் வருவது, விட்டால் போவது என்று அன்றைக்கு அங்கே பார்த்த எல்லாமே இங்கேயும் இருந்தன. அங்கே நூல் போன இடத்தில் இங்கே மனுசனைப் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் தூங்கப் பார்த்த கட்டிலுக்கு ரிஃபார்மர் என்று பெயர். சட்டத்துக்குள் தண்டவாளம். அதன்மேல் முன்னும் பின்னும் போகும் மெத்தைப் பலகை. பலகைக்கு அடியில் ஸ்பிரிங்குகள், நிறத்துக்கு ஒரு பலம். தேவையானதை மாட்டிக்கொள்ளலாம், கழற்றிக்கொள்ளலாம். நான் புரண்ட அன்று துடைப்பதற்காக எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தாராம், அதனால்தான் அந்தப் பயணம். மல்லாந்து படுத்து, தோள்களைக் கட்டையில் முட்டுக்கொடுத்து, எதிரில் உள்ள கம்பியைக் காலால் உதைத்துத் தள்ளினால் பலகை போகும். மடக்கினால் திரும்பி வரும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் லூர்து டீச்சர், ரிட்டையர் ஆகிப் பல வருஷமான அம்மா, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் என் ஆம்பளைத்தனம் என்னைக் கவிழ்த்தது. டீச்சருக்கு எலேன் ஒரே ஒரு ஸ்பிரிங் மாட்டியிருந்தார். "எனக்கு இருக்கறதெல்லாம் மாட்டுங்க" என்றேன். மாட்டினார். காலால் உதைத்தேன், முக்கி முக்கித் தள்ளினேன், போனது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் காலைத் தளர்த்தினேன். ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து என்னை இழுத்துக்கொண்டு வந்து 'டமார்'. கட்டடமே அதிர்ந்தது. எலேன் கண்ணை மூடித் திறந்தார். "அண்ணா, போறது யாரு வேண்ணா போலாம். வர்றதுதான் எக்ஸர்சைஸ். சத்தம் கேக்காம வரணும்." பிறகு ஒரே ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவிட்டு, பலகைமேல் முட்டி போட்டு, கம்பியைக் கையால் பிடித்து, வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு பலகையை நகர்த்தச் சொன்னார். அதிலேதான் என் கை, கால், வயிறு எல்லாம் சேர்ந்து நடுங்கின. ஸ்பிரிங் குறைந்தால் லேசு என்று நினைத்தது என் தப்பு. தள்ளும் வேலைக்கு ஸ்பிரிங் நம்மை எதிர்க்கும். நிலையாக நிற்கும் வேலைக்கு அதுதான் நம்மைத் தாங்கும். தாங்குவதைக் கழற்றிவிட்டால் நாம் எவ்வளவு ஆட்டம் காண்கிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். பாரிஸ் போன புதிதில், மெட்ரோவில் வழி கேட்கக்கூட வாய் வராமல் நின்றபோது நான் ஆடிய ஆட்டம் அதே ஆட்டம்தான். அன்றைக்கு மட்டும் ரிஃபார்மர் தெரிந்திருந்தால், ஓகோ, ஒரு ஸ்பிரிங்கில் நிற்கிறோம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

மூச்சில் வந்தது அடுத்த வம்பு. கஷ்டமான நேரத்தில் மூச்சை வெளியே விட வேண்டும் என்பது இவர்கள் முறை. "மூச்சு வுடுங்க, நல்லா வுடுங்க" என்று எலேன் சொல்லிக்கொண்டே இருந்தார். என் உடம்புக்குத் தெரிந்த முறை வேறு. பாரத்தைத் தோளில் ஏற்றும்போது அது ஒன்றைத்தான் வெளியே விடும். எத்தனை வருஷம் கழித்து என்று தெரியவில்லை, முழு பலத்தோடு உதைத்த கணத்தில் வாய் தானாகத் திறந்து, "மரியே!" என்று தேர் தூக்குகிறவனின் குரல் அந்த ஏசி அறையில் வெடித்தது. அடுத்த கட்டிலில் லூர்து டீச்சர், ஆயுசு முழுக்கத் தேருக்குப் பின்னால் நடந்தவர்கள், யோசிக்கவே இல்லை. "வாழ்க!" என்று கையைத் தூக்கிவிட்டார்கள். பலகையை இழுத்துப் பிடித்திருந்த கயிறு கையிலிருந்து நழுவியது. சேர்ந்த நாளிலிருந்து சத்தமே போடாத அவர்களுடைய பலகை 'டமார்' என்று வந்து நின்றது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அன்றைய வகுப்பு கலைந்தது. "ஒன்னால என் பேரு கெட்டுச்சுடா" என்று டீச்சர் வாசல்வரைக்கும் வந்து திட்டினார்கள். 'டா' போட்டு என்னை யாராவது திட்டி எவ்வளவு காலம் ஆயிற்று! அதை அப்படியே மடித்து ஹேண்ட் லக்கேஜில் எடுத்துப் போக வேண்டும் போல் இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கருவிகளோடும் அறிமுகம் ஆனேன். காடிலாக் என்று ஒன்று. பெயர்தான் கார், ஓர் அங்குலம் நகராது. கொசுவலை கட்ட மறந்துபோன நாலு கால் கட்டில் மாதிரி இருக்கும். மேலே கம்பிகள், அவற்றிலிருந்து தொங்கும் ஸ்பிரிங்குகள், காலை மாட்டிக்கொள்ளும் துணி வளையங்கள். உட்கார்ந்தபடி ஒரு குறுக்குக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். திரும்ப எழும்போது ஸ்பிரிங் பிடித்துத் தூக்கிவிடும். சொந்தமாக எழ முடியாத முதுகுக்கு அது வரம். பீப்பாயைப் பாதியாக வெட்டி ஏணியோடு சேர்த்த மாதிரி இன்னொன்று. அதன்மேல் கவிழ்ந்தும் மல்லாந்தும் முதுகை நீட்டினால், பஸ் சீட்டிலிருந்து என் எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முட்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும் வளையம் என் கையிலிருந்து தெறித்துப் போய் எலேனின் காபியைக் கவிழ்த்தது. அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை. கடைசியில் ஒரு மூலையில் வெறும் பாய் கிடந்தது. இதற்குத்தானா, இது நம்ம வீட்டிலேயே இருக்கிறதே என்று அலட்சியமாகப் படுத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இழுக்கவும் தாங்கவும் ஒரு ஸ்பிரிங்கும் கிடையாது. நாம் மட்டும்தான்.

ஆனால் எனக்கு வேண்டியதைக் கொடுத்தது ஒரு சேர்தான். சின்ன ஸ்டூல் போன்ற பெட்டி, முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த மிதி. ஒரு காலை மிதியில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு காலைப் பெட்டியின்மேல் வைத்து, எதையும் பிடிக்காமல் நிமிர்ந்து மேலே எழ வேண்டும். தேர்த் தண்டைத் தோளில் வாங்கி, உட்கார்ந்த நிலையிலிருந்து பாரத்தோடு எழுகிறவனுக்கு அதைவிட நல்ல ஒத்திகை இல்லை. நான் பழைய புத்தியோடு, "இதுல கம்மியான ஸ்பிரிங்கு போடுங்க, லேசா இருக்கும்" என்றேன். எலேன் பலமான ஸ்பிரிங்கை மாட்டினார். "இங்க ஸ்பிரிங்கு உங்களுக்கு எதிரி கெடையாது. கீழ நின்னுக்கினு உங்கள மேல தூக்கி விடற ஆளு. நீங்களே எழுந்துட்டதா நெனச்சிப்பீங்க." எழுந்தேன். உண்மையிலேயே நானே எழுந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பெட்டிமேல் நின்று சிலை மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தேன். எலேன் சிரித்துவிட்டு, நாள் போகப் போக ஸ்பிரிங்கைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் சவரிமுத்து என்னைக் கோயில் பின்பக்கம் கூப்பிட்டார். ஓர் அரிசி மூட்டையைக் காட்டினார். "தோள்ல வெச்சிக்கினு ஒக்காந்து எழுந்திரு. கைய ஊணக் கூடாது." சுற்றிலும் தேர் தூக்குகிற ஆட்கள். அமல்ராஜ் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூட்டையை ஏற்றினார்கள். உட்கார்ந்தேன். அடியில் ஸ்பிரிங் இல்லை என்பது நன்றாகவே தெரிந்தது. சேரை நினைத்துக்கொண்டேன், மூச்சை வுட்டேன், எழுந்துவிட்டேன்! என்னோடு சேர்ந்து முட்டியும் சத்தம் போட்டது, இடுப்பு ஒரு முறை வெட்டிக்கொண்டது, ஆனாலும் நின்றேன். "பாத்தீங்களா!" என்றேன். சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக அமல்ராஜைப் பார்த்தார். பிறகு "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இடம் நிலைத்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் ஸ்டெல்லா மட்டும், "எழுந்துட்ட சரி. இடுப்பு போச்சின்னா அங்க போயி பஸ்ஸ யாரு ஓட்டறது?" என்று முணுமுணுத்தாள். அமல்ராஜ் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

தேர் தூக்குகிறவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டும். வருஷக்கணக்காக ஷூவுக்குள் ஊறிப் பிஸ்கட்டாகிவிட்ட என் பாதங்களுக்காக, பிலாட்டிஸ் அறையில் வழுக்காமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் ரப்பர் புள்ளி வைத்த சாக்சை எடுத்துப் பையில் வைத்தேன். ஸ்டெல்லா கண்டுபிடித்துவிட்டாள். "சாக்ஸ் போட்டுக்கினு மாதாவ தூக்குவியா? ஊரே சிரிக்கும், குடு இப்படி." கொடுத்துவிட்டேன். சாயங்காலம் எல்லோரும் வெள்ளை வேட்டியில், தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். தண்டு தோலைப் பிய்க்காமல் இருக்க அந்தத் துண்டு. எனக்கு முன்னால் சவரிமுத்து. பின்னால் அமல்ராஜ். பின் இடத்துக்குச் சொந்தக்காரர் கனடாவில் லீவு கிடைக்காமல் உட்கார்ந்திருந்ததால், இந்த ஒரு வருஷம் மட்டும் என்று சவரிமுத்துவே இவரை அவருக்குப் பதிலாக நிறுத்தியிருந்தார். "மரியே!" என்று சவரிமுத்து குரல் கொடுத்தார். "வாழ்க!" என்றோம். எழுந்தது தேர். கூட்டத்தில் மெழுகுவர்த்தியோடு லூர்து டீச்சர், பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு எலேன். அவர் என்னைப் பார்த்துத் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார், இழுத்துப் பிடி என்று. பிடித்தேன். நடந்தோம்.

என்ன சொல்ல! பூவாக இருந்தது. உள்ளங்கால் சுட்டதைத் தவிர ஒரு வலி இல்லை. முதுகு நேராக நின்றது. பாரம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பிலாட்டிஸ் என்றால் இதுவல்லவா பிலாட்டிஸ் என்று உள்ளே கும்மாளம். பாரிஸ் டாக்டர் முகம் வந்தது, "பாருங்கள், இந்தியன்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டேன். தெருவில் பழைய முகங்கள் எட்டிப் பார்த்தன. "அந்தோணி பையன்தான, பாரிசுலேந்து வந்திருக்கான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்பா நடந்த நடையை நடந்துவிட்டேன் என்று நெஞ்சு விம்மியது. தெரு முனையில் தேர் திரும்புவதற்காக நின்றபோதுதான், துண்டைச் சரி செய்யலாம் என்று தோளைப் பார்த்தேன். தண்டுக்கும் என் துண்டுக்கும் நடுவில் காற்று போய்க்கொண்டிருந்தது. கை நன்றாக நுழையும் அளவுக்கு இடைவெளி. முன்னால் பார்த்தேன். சவரிமுத்துவின் தோளில் ஒரு துண்டு இல்லை, பல துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துத் தலையணை மாதிரி கட்டியிருந்தார். ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தேன். அமல்ராஜ் தோளிலும் அதே தலையணை. இரண்டு பேருமாக என் பாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, தண்டை எனக்கு மேலே உயர்த்திக்கொண்டு போகிறார்கள். அமல்ராஜ் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் அப்பாவின் இடத்தில்தான் நிற்கிறேன், கை தண்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, தோள் மட்டும் கீழே, தனியாக. மேளம் மறுபடி ஆரம்பித்தது. தேர் நகர்ந்தது.

"மச்சான்" என்றேன் மெதுவாக, திரும்பாமல். "தண்டு என் தோள்ல படவே இல்லியே."

"கைய எடுக்காம நடங்க."